தேங்காய் எழுந்து நின்ற செமஸ்டர்

உள்ளங்கையில் ஒரு தேங்காயைப் படுக்க வைத்துக்கொண்டு, அது தானாக எழுந்து நிற்கும் என்று மனதார நம்பி, கல்லூரி மைதானத்தைச் சுற்றி வந்தவன் நான். வேட்டியும் விபூதியுமாக அல்ல. பேண்ட், இன் பண்ணிய சட்டை, கழுத்தில் அடையாள அட்டை. அட்டையில் என் பெயருக்கு முன்னால் முனைவர் என்று போட்டிருக்கும். அந்தப் பட்டத்தை எனக்குக் கொடுத்தவர்கள் யாரும் அந்நேரம் அந்த வழியாக வராதது என் அதிர்ஷ்டம். மாணவர்கள் வந்தார்கள். வீடியோ எடுக்கச் சொன்னதே நான்தான்.

திண்டுக்கல் பக்கம் போர் போடுகிறவர்களுக்கு இது புதிதல்ல. எந்த இடத்தில் துளை போட்டால் தண்ணீர் வரும் என்று பார்க்க ஒருவரை அழைத்து வருவார்கள். அவர் குடுமியோடு உரித்த தேங்காயைக் கையில் கிடத்திக்கொண்டு தோட்டத்தில் நடப்பார். கீழே நீரோட்டம் இருக்கும் இடம் வந்ததும் தேங்காய் எழுந்து நிற்கும். அங்கே ஒரு கல்லை வைத்துவிட்டுப் போவார். பின்னாலேயே போர் வண்டி வரும். தண்ணீர் வந்தால் அது அவர் பார்த்த இடம். வராவிட்டால் அது நம்முடைய நேரம்.

நான் இதற்கு நேர் எதிர்க் கட்சியில் இருந்தவன். நிலவியல் துறையில் நிலத்தடி நீர் என்கிற தாளை வருஷக்கணக்கில் நடத்தி வந்தேன். கல்லூரியில் நான் ஆசையாகச் செய்த ஒரே வேலை அதுதான். மற்ற தாள்களுக்கெல்லாம் மணி எப்போது அடிக்கும் என்று மாணவர்கள் பார்ப்பதற்கு முன்னால் நான் பார்த்துவிடுவேன். இந்த வகுப்பில் மட்டும் அடுத்த ஆசிரியர் வாசலில் வந்து நின்று தொண்டையைச் செருமுவார். பாறையின் விரிசலுக்குள் தண்ணீர் எப்படி ஒளிந்திருக்கிறது, பூமிக்குள் மின்சாரம் செலுத்தி அதை எப்படிக் கண்டுபிடிப்பது என்றெல்லாம் நடித்தே காட்டுவேன். நடுவில் தேங்காய் ஜோக் ஒன்று உண்டு. தேங்காய் எழுந்து நிற்பது சட்னி ஆவதற்கு முன்னால் உயிர் பிழைக்க முடியுமா என்று பார்க்கத்தான் என்பேன். சிரிப்பார்கள். வருஷா வருஷம் வேறு பிள்ளைகள் என்பதால் ஒரே ஜோக் போதும்.

தாடிக்கொம்பு போகிற வழியில் எங்களுக்கு ஒரு துண்டு நிலம் உண்டு. அதில் போர் போட நானே கருவியை எடுத்துக்கொண்டு போனேன். கம்பிகளை நட்டு, மின்தடையை அளந்து, கணக்குப் போட்டு, இடம் குறித்தேன். வண்டி வந்து துளைத்தது. புழுதி வந்தது. நானும் என் மனைவியும் வண்டிக்காரர்களும் மைதா மாவில் புரண்டவர்கள் மாதிரி நின்றோம். மனைவி பிறகு தேங்காய்க்காரரை வரச் சொன்னாள். அவர் வேலி ஓரத்தில் ஓர் இடத்தைக் காட்டினார். தண்ணீர் வந்தது. அவள் என்னிடம் ஒன்றும் சொல்லவில்லை. அப்படிச் சொல்லாமல் இருந்தது அடுத்த தெரு வரைக்கும் கேட்டது.

புத்தி உள்ளவன் ஒரு தடவை எனக்குத் தப்பிவிட்டது, ஒரு தடவை அவருக்கு வாய்த்துவிட்டது என்று இருந்திருப்பான். நான் கட்சி மாறினேன். அதுவும் சும்மா மாறவில்லை, கொள்கையோடு மாறினேன். தேங்காய்க்குள் தண்ணீர் இருக்கிறது, பூமிக்குள்ளும் தண்ணீர் இருக்கிறது, இரண்டும் ஒன்றையொன்று இழுக்கின்றன. தேங்காய் நார் ஆன்டெனா. மனித உடம்பு எர்த் வயர். இதற்கு நீரோட்ட உயிர்ப்புலக் கொள்கை என்று பெயர் வைத்தேன். படமும் போட்டேன். தேங்காயிலிருந்து பூமிக்கும், பூமியிலிருந்து தேங்காய்க்கும் அம்புக்குறிகள். அம்புக்குறி போட்டுவிட்டால் எதுவும் அறிவியல் மாதிரி தெரியும் என்பதை அப்போதுதான் கண்டுகொண்டேன். அந்த வருஷத்தில் நான் செய்த உருப்படியான கண்டுபிடிப்பு அது ஒன்றுதான்.

யூடியூபில் போட்டேன். எங்கள் துறை நடத்திய கருத்தரங்கு எதற்கும் வராத கூட்டம் அங்கே வந்தது. பேராசிரியரே சொல்லிவிட்டார் என்று எழுதினார்கள். அந்த மனநிலையில்தான் வகுப்பிலும் நடத்தினேன். நடத்தியதோடு நின்றிருக்கலாம். உள்மதிப்பீட்டுத் தேர்வில் கேள்வியாகவும் கேட்டேன். தேங்காய் எழுந்து நிற்பதன் காரணத்தைப் படத்துடன் விளக்குக. கட்டாய வினா.

பிள்ளைகள் பிரமாதமாக எழுதியிருந்தார்கள். ஒருத்தி தேங்காயின் மூன்று கண்ணிலும் பிளஸ், மைனஸ், நியூட்ரல் என்று குறித்திருந்தாள். நான் சொல்லாத விளக்கமெல்லாம் இருந்தது. எல்லோருக்கும் முழு மதிப்பெண். இது நடக்காது என்று ஒரு வரி எழுதிய ஆள் இல்லை. அப்போதே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். வந்தது பெருமை.

அந்தக் கேள்வித்தாளை யாரோ போட்டோ எடுத்து வாட்ஸப்பில் விட்டார்கள். அது ஊர் ஊராகப் போய், வேறு கல்லூரிகளில் இருக்கிற என்னுடைய பழைய நண்பர்களைச் சிரிக்க வைத்துவிட்டு, கடைசியில் எங்கள் முதல்வரின் போனுக்கு வந்தது. எனக்கு மெமோ வந்தது. தொடர்ந்து விசாரணை.

விசாரணைக்கு மூன்று பேர். முதல்வர், எங்கள் துறைத் தலைவர், வெளியிலிருந்து வந்த ஓய்வுபெற்ற பேராசிரியர் ஒருவர். துறைத் தலைவர் என்னைவிட இரண்டு வயது மூத்த அம்மையார். நாங்கள் அவரை மேடம் என்போம், அவர் எல்லோரையும் சார் என்பார், பியூனைக்கூட. ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போகிற மாதிரியே துறைக்கும் வருவார். நேரத்துக்கு, இஸ்திரி போட்ட பருத்திப் புடவையில், முகத்தில் ஒன்றும் காட்டாமல்.

நான் பெரிய உரை ஒன்று தயாரித்துக்கொண்டு போயிருந்தேன். கல்விச் சுதந்திரம் பற்றி. ஆசிரியன் எதை யோசிக்க வேண்டும் என்று நிர்வாகம் சொல்ல ஆரம்பித்தால் கல்லூரிக்கும் டுடோரியலுக்கும் என்ன வித்தியாசம் என்பதில் ஆரம்பித்து, பூமிதான் சூரியனைச் சுற்றுகிறது என்று சொன்னவரை வீட்டுக்காவலில் வைத்த கதை வரைக்கும் போனேன். அந்த வரிசையில் என்னையும் நிறுத்திக்கொண்டதில் எனக்குக் கூச்சமே இல்லை. நடுவில் இரண்டு ஜோக்கும் வைத்திருந்தேன். முதல் ஜோக்குக்கு மின்விசிறி சத்தம் மட்டும் கேட்டது. இரண்டாவதை நானே வெட்டிவிட்டேன்.

வெளியிலிருந்து வந்த பெரியவர் பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருந்தார். முடிந்ததும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"அவரு தொலைநோக்கியக் கையில குடுத்து, நீங்களே பாத்துக்கங்கன்னாரு. நீங்க தேங்காயக் குடுப்பீங்களா?"

"கை மாறுனா அதோட ஈர்ப்பு கொறஞ்சு போகும் சார்" என்றேன்.

இதைச் சொல்லும்போது நான் சிரிக்கவில்லை. வாழ்க்கையில் நான் சொன்ன பெரிய ஜோக்கை நானே கவனிக்காமல் விட்டுவிட்டேன்.

என்னை வேலையை விட்டு நிறுத்தப் போகிறார்கள், பத்திரிகையில் வரும், ஊர்வலம்கூடப் போவார்கள் என்றெல்லாம் மனதுக்குள் ஒத்திகை பார்த்திருந்தேன். அப்படி எதுவும் நடக்கவில்லை. வந்த உத்தரவு இவ்வளவுதான். வீடியோவில் என்ன வேண்டுமானாலும் பேசிக்கொள்ளலாம், கல்லூரி பெயரும் அடையாள அட்டையும் தெரியக் கூடாது. ஆராய்ச்சி செய்யலாம், துறை இடமும் ஆளும் தரும். அந்தக் கேள்விக்கான மதிப்பெண் எல்லோருக்கும் நீக்கப்பட்டு மறுதேர்வு நடக்கும். துறையின் கண் முன்னால் ஒரு சோதனை செய்து காட்டும் வரை நிலத்தடி நீர் தாள் என் கையில் இருக்காது.

கடைசி வரி மட்டும்தான் எனக்குக் கேட்டது. அந்தத் தாளை எங்கள் துறையில் புதிதாகச் சேர்ந்த ஓர் இளைஞருக்குக் கொடுத்தார்கள். எனக்கு பி.காம். முதலாமாண்டுக்குச் சுற்றுச்சூழல் கல்வி. கணக்குப் பதிவியல் படிக்க வந்த பிள்ளைகளிடம் ஓசோன் படலத்தைப் பற்றிப் பேசுவது எப்படி இருக்கும் என்று பேசிப் பார்த்தவர்களுக்குத் தெரியும்.

என் குரலை நெரித்துவிட்டார்கள் என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் சொன்னேன். டீக்கடையில் சொன்னேன், பஸ்ஸில் சொன்னேன், வீடியோவில் தொடர்ந்தாற்போல் மூன்று பாகம் சொன்னேன். குரல் நெரிக்கப்பட்ட யாரும் இந்த ஊரில் அவ்வளவு பேசியிருக்க மாட்டார்கள்.

துறை அறையில் நடுவே ஒரு நீள மேசை உண்டு. மதியம் எல்லோரும் டப்பாவைத் திறப்பது அதில்தான். மெமோ வந்த மறுநாள் நான் என் டப்பாவை எடுத்துக்கொண்டு பாறை மாதிரிகள் அடுக்கி வைத்திருக்கும் அறைக்குப் போய்விட்டேன். யாரும் போகச் சொல்லவில்லை. யாராவது வந்து, என்ன சார் இது, வாங்க என்று கூப்பிடுவார்கள், நான் பரவாயில்லை என்பேன், அவர்கள் திரும்பக் கூப்பிடுவார்கள் என்று கணக்கு வைத்திருந்தேன். யாரும் வரவில்லை. மறுநாளும் வரவில்லை. அதற்கப்புறம் நானாகத் திரும்பிப் போக ஒரு காரணம் வேண்டும், அது கிடைக்கவில்லை. கண்ணாடி அலமாரிக்குள் இருக்கிற கருங்கல்லும் சுண்ணாம்புக்கல்லும் பார்க்க, தயிர்சாதமும் ஊறுகாயும் சாப்பிட்டேன். கல்லும் ஒன்றும் கேட்கவில்லை.

வீட்டிலும் ஆள் இல்லாத காலம் அது. மனைவிக்குப் பதவி உயர்வோடு திருச்சிக்கு மாற்றலாகியிருந்தது. மகள் சென்னையில் படித்துக்கொண்டிருந்தாள். நாகல் நகர் வீட்டில் நானும், ஒரு டிவியும், வரிசையாக அடுக்கி வைத்த சோதனைத் தேங்காய்களும். மனைவி போனில் சாப்பிட்டீங்களா என்று கேட்பாள். நான் உயிர்ப்புலத்தில் ஆரம்பிப்பேன். சரி, தேங்கா நெறைய இருக்குல்ல, தொட்டுக்க வெஞ்சனத்துக்காவது அரைங்க, கெட்டுப் போயிரும் என்று சொல்லி வைத்துவிடுவாள்.

சோதனையைச் செய்து காட்டினால் தாள் திரும்பக் கிடைக்கும். அது எனக்குத் தெரியும். மேடம் இரண்டு தடவை தேதி கேட்டார். ஒரு தடவை காய்ச்சல் என்றேன், ஒரு தடவை தேங்காய் சரியில்லை என்றேன். பக்கத்து வகுப்பிலிருந்து அந்த இளைஞர் நிலத்தடி நீர் நடத்தும் குரல் எனக்குக் கேட்கும். ஜோக் ஒன்றும் இல்லை. ஆனால் நடுநடுவே பிள்ளைகள் குரலும் கேட்டது. என்ன கேட்கிறார்கள் என்று புரியாது. கேள்வி கேட்கிற தொனி மட்டும் சுவர் தாண்டி வரும். நான் ஓசோன் படலத்தை நடுவில் நிறுத்திவிட்டு அதைக் கேட்டுக்கொண்டு நிற்பேன். பி.காம். பிள்ளைகளுக்கு அந்த நிமிஷங்கள்தான் பிடித்தவை என்று நினைக்கிறேன்.

அந்த நேரத்தில்தான் நெய்க்காரப்பட்டியிலிருந்து போன் வந்தது. ஒரு விவசாயி. என் வீடியோ எல்லாவற்றையும் பார்த்தவர். தென்னந்தோப்பு காய்கிறது, நீங்களே வந்து ஒரு இடம் பார்த்துச் சொல்ல வேண்டும் என்றார். சார் சார் என்று அவர் வார்த்தைக்கு வார்த்தை சொன்னது, பல நாள் பட்டினிக்கு இலை போட்ட மாதிரி இருந்தது. சனிக்கிழமை பழனி பஸ் ஏறிவிட்டேன்.

தோப்பில் பத்துப் பதினைந்து பேர் கூடியிருந்தார்கள். எனக்கு பிளாஸ்டிக் நாற்காலி, இளநீர். மட்டை தொங்கிப் போன தென்னைகள் வரிசையாக நின்றன. அவ்வளவு காய்ந்த தோப்பில் அந்த இளநீரைக் குடிக்க மனம் வராமல் நாற்காலிக்கு அடியில் வைத்தேன். தோப்புக்காரர் தன் மரத்துத் தேங்காயையே உரித்துக் குடுமியோடு கொண்டுவந்து கொடுத்தார். நான் நடந்தேன். பின்னால் எல்லோரும் நடந்தார்கள்.

தேங்காய் படுத்தே கிடந்தது. கிழக்கே போனேன், மேற்கே போனேன். வெயில் ஏறியது. பின்னால் வந்தவர்கள் மூச்சு விடுவதுகூட மரியாதையாக இருந்தது. மோட்டார் அறை பக்கத்தில் ஒரு வேப்பமரம். அங்கே வரும்போது தோப்புக்காரர் நடையைக் கொஞ்சம் மெதுவாக்கினார். என் காதுக்கு அது கேட்டது. அந்த இடத்தில் தேங்காய் எழுந்து நின்றது.

"நானும் இங்கதானுங்க சார் நெனச்சனுங்க. கரண்டும் பக்கத்துலயே இருக்குதுங்க" என்றார் அவர்.

என் கையை நான் பார்த்தேன். கட்டைவிரலுக்குக் கீழே இருக்கிற சதை இன்னும் இறுகித்தான் இருந்தது. தேங்காய் எழுவதற்கு ஒரு நொடி முன்னால் அது இறுகியது எனக்குத் தெரிந்திருந்தது. அன்றைக்கு மட்டும் அல்ல, எப்போதுமே தெரிந்திருக்கும் என்று தோன்றியது. தும்மல் வருவதற்கு முன்னால் மூக்குக்குத் தெரிவதில்லையா, அந்த மாதிரி.

ஒரு துண்டு கேட்டேன். கண்ணைக் கட்டி, என்னைச் சுற்றி விட்டு, கூட்டிக்கொண்டு போங்கள் என்றேன். சோதனைக்குத் தேதி கொடுக்காமல் இத்தனை நாள் ஓடினவன், அந்தத் தோப்பில் ஏன் அப்படிக் கேட்டேன் என்று இன்றைக்கும் தெரியாது. யாராவது ஒருவர் சந்தேகப்பட வேண்டும் போல இருந்தது, வேறு ஆள் அங்கே இல்லை. சுற்றி விட்டார்கள். நடந்தேன். தேங்காய் எழுந்தது. கண்கட்டை அவிழ்த்துப் பார்த்தால், நெல் காயப்போடுகிற பாறையின் நடுவில் நிற்கிறேன். விரிசல் இல்லாத, யானை முதுகு மாதிரி வழுவழுப்பான பாறை. என் வகுப்பில் முதல் வாரம் படம் போட்டுக் காட்டி, இங்கே தண்ணீர் தேடாதே என்று சொல்லிக் கொடுக்கிற பாறை.

சிரிப்பார்கள் என்று பார்த்தேன். யாரும் சிரிக்கவில்லை. ஏனுங்க சார், பாறைக்கு அடியிலயுங்களா, அப்படின்னா பெரிய வண்டி சொல்லோணுமே என்று அவர்களுக்குள் பேச ஆரம்பித்துவிட்டார்கள். ஒருவர் போனை எடுத்தே விட்டார். இங்கே நான் என்ன சொன்னாலும் துளை போட்டுவிடுவார்கள். வேப்பமரம் என்றால் வேப்பமரம், பாறை என்றால் பாறை, அவர் வீட்டு அடுப்படி என்றால் அடுப்படி. விசாரணை அறையில் மூன்று பேர் என்னை நம்பாமல் உட்கார்ந்திருந்தபோது இல்லாத தனிமை, பதினைந்து பேர் நம்பி நின்றபோது வந்தது.

எனக்குத் தெரியவில்லை, மிஷின் வைத்துப் பாருங்கள், நல்ல ஆளாக நானே சொல்கிறேன், அதுவும் தப்பலாம், ஆனால் இதைவிடப் பரவாயில்லை என்று தோப்புக்காரரிடம் சொன்னேன். அவர் என் கையிலிருந்த தேங்காயைத் திரும்ப வாங்கிக்கொண்டார்.

"தெரியலீங்கறதுக்கு எதுக்குங்க சார் திண்டுக்கல்லுல இருந்து ஆளு? அத நானே சொல்லிக்குவனுங்களே."

பஸ் ஸ்டாப் வரைக்கும் பைக்கில் கொண்டுவந்து விடுவதாக முதலில் சொல்லியிருந்தார்கள். நடந்தே வந்தேன்.

திங்கட்கிழமை காலை மேடத்தின் அறைக்குப் போய், சோதனையே வேண்டாம், நான் சொன்னது தப்பு என்றேன். அவர் கட்டிப்பிடித்து அழுவார் என்று எதிர்பார்க்கவில்லை. குறைந்தபட்சம் நாற்காலியில் நிமிர்ந்து உட்காருவார் என்று நினைத்தேன். அவர் பேனாவை மூடினார்.

"நீங்க சரின்னு சொன்னப்பவும் உங்க வாய் வார்த்தைய எடுத்துக்கல. தப்புன்னு சொல்றப்ப மட்டும் எப்படி சார் எடுத்துக்க? சோதன பண்ணிருவோம்."

அது எனக்குக் கோபத்தைக் கிளப்பியது. அன்று சாயங்காலம் தயிர்சாத டப்பாவைக் கழுவும்போதுதான், இத்தனை பேரில் என் கொள்கையைச் சோதித்துப் பார்க்கும் அளவுக்கு மரியாதையாக நடத்தின ஒரே ஆள் அவர்தான் என்று உறைத்தது.

மைதானத்துக்கு அடியில் தண்ணீர்த் தொட்டியிலிருந்து ஒரு குழாய் போகிறது. ஓடுகிற தண்ணீர்தான் தேங்காயை எழுப்பும் என்பது என் கொள்கை. ஆகவே வால்வைத் திறப்பதும் மூடுவதும் அந்த இளைஞர், என் கண்ணுக்குத் தெரியாத இடத்தில். எப்போது திறக்க வேண்டும், எப்போது மூட வேண்டும் என்பதை மேடம் நாணயம் சுண்டிப் பார்த்து அவருக்குப் போனில் சொல்வார். நான் குழாய்க்கு மேலே நின்று, ஓடுகிறதா இல்லையா என்று சொல்ல வேண்டும். முதலில் குழாய் திறந்திருக்கிறது என்று என்னிடம் சொல்லியே செய்து பார்க்கச் சொன்னார். தேங்காய் ராணுவ வீரன் மாதிரி எழுந்து நின்றது. அதற்கப்புறம் சொல்லாமல் செய்தோம். நாணயத்தைச் சுண்டியே நான் பதில் சொல்லியிருந்தால் எவ்வளவு சரியாக வருமோ, அவ்வளவு சரியாக வந்தது. சிலது சரி, சிலது தப்பு.

யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று அங்கேயும் நினைத்தேன். முடிவை எனக்குக் காட்டிவிட்டு, வெயில்ல நிக்காதீங்க சார், போங்க என்றார் மேடம். அந்த இளைஞர் வால்வைத் திறந்து மூடிக் கை சிவந்து வந்தார். உங்க சோதனையப் பாடத்துல சேத்துக்கட்டா சார், நல்லா இருக்கு என்று கேட்டார். நல்லாத்தான் இருந்தது.

வீடியோவில் உண்மையைச் சொன்னேன். பார்த்தவர்கள் கொஞ்சம். நிர்வாகத்துக்கு விலை போய்விட்டார் என்றார்கள். தாடிக்கொம்பில் உங்கள் நிலத்தில் தண்ணீர் வந்ததே, அது பொய்யா என்று ஒருவர் கேட்டிருந்தார். பொய்யில்லை. வராத இடத்துக்காரர்கள் யாரும் வீடியோ போடுவதில்லை என்று பதில் எழுதினேன். அவர் என்னைத் துரோகி என்றார். அதோடு அந்தக் கூட்டமும் போனது.

அடுத்த செமஸ்டரில் நிலத்தடி நீர் தாள் திரும்ப வந்தது. கால அட்டவணையில் என் பெயரைப் பார்த்துவிட்டு, அன்றைக்கு மதியம் என் டப்பாவை எடுத்துக்கொண்டு நீள மேசைக்கே போய் உட்கார்ந்தேன். கொஞ்சம் நகர்ந்து இடம் கொடுத்தார்கள். ஒன்றும் நடக்காத மாதிரி இருந்தது. நான் நெய்க்காரப்பட்டிக் கதையைச் சொன்னேன். பாறை வந்த இடத்தில் நடித்துக் காட்டினேன். பாதியில் ஒருவர் எழுந்து கை கழுவப் போனார். எல்லோரும் மணியைப் பார்த்துக்கொண்டார்கள், வகுப்பு இருக்கிறது போல என்று நினைத்தேன்.

முதல் வகுப்பில் முழு நேரமும் அந்தச் சோதனையைப் பற்றியே பேசினேன். என்னை நானே கிண்டல் செய்தேன். தேங்காய், பாறை, நாணயம் எல்லாம் வந்தது. பிள்ளைகள் நன்றாகச் சிரித்தார்கள். கடைசியில் ஏதாவது கேளுங்கள் என்றேன். எதையும் அப்படியே நம்பாதீர்கள், என்னை எதிர்த்துக் கேளுங்கள், உங்களுக்கு அந்தச் சுதந்திரம் இருக்கிறது என்று அதற்கும் ஐந்து நிமிஷம் பேசினேன். யாரும் ஒன்றும் கேட்கவில்லை. அடுத்த வகுப்பிலும் கேட்கவில்லை. சுவருக்கு அந்தப் பக்கமிருந்து நான் ஒரு செமஸ்டர் முழுக்கக் கேட்ட அந்தத் தொனி, சுவருக்கு இந்தப் பக்கம் நான் வந்ததும் காணாமல் போயிருந்தது.

மேடத்திடம் போய்ச் சொன்னேன். பிள்ளைகள் ஏன் பேச மாட்டேன் என்கிறார்கள், அந்த இளைஞரிடம் மட்டும் பேசினார்களே என்றேன். பேச்சோடு பேச்சாக மனதில் இருந்ததும் வந்துவிட்டது. மெமோ வந்தபோது துறையில் ஒருத்தர்கூட என்னிடம் வந்து சண்டை போடவில்லை, சார் இது தப்பு என்று முகத்துக்கு நேரே சொல்லவில்லை, கல் அறையில் ஒரு செமஸ்டர் தனியாகச் சாப்பிட்டேன், என்னை எல்லோரும் ஒதுக்கினீர்கள் என்றேன். கொஞ்சம் உருக்கமாகவே சொன்னேன்.

அவர் விடைத்தாள்களைத் திருத்திக்கொண்டிருந்தார். கடைசிப் பக்கத்தை முடித்து, கூட்டல் போட்டு, அதை ஓரமாக வைத்துவிட்டு நிமிர்ந்தார்.

"யாரும் உங்கள ஒதுக்கல சார். தேங்கா கத ஆரம்பிச்சதுல இருந்தே ஒவ்வொருத்தரும் தப்புன்னு சொல்லத்தான் பாத்தோம். நீங்க வாய மூடுனதும் சொல்லலாம்னு உக்காந்திருந்தோம். நீங்க அந்த ரூமுக்குப் போனப்புறந்தான் நாங்க ஒருத்தரோட ஒருத்தர் பேசவே ஆரம்பிச்சோம்."